வழியில் இருந்த கோயில்

திருப்பூரிலிருந்து சென்னைக்குச் சாலைவழி ஏறத்தாழ 460 கிலோமீட்டர். காரில் சென்றால் 8 மணி நேரம். கோவையிலிருந்து விமானத்தில் பறந்தால் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் பீளமேட்டு விமான நிலையத்துக்குச் செல்லும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், மீனம்பாக்கத்திலிருந்து வீடு போய்ச் சேரும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் 6 மணி நேரம் ஆகிவிடும். மிச்சமாவது 2 மணி நேரம்தான்.

வங்கியில் பணியாற்றிய காலத்தில் பனியன் ஏற்றுமதியாளர்கள் பலரை நெருக்கமாகக் கண்டிருக்கிறேன். கப்பலேற வேண்டிய நாள் தவறிவிட்டால், சரக்கைத் தம் செலவில் விமானத்தில் அனுப்பி, லாபம் முழுவதையும் இழந்து நிற்பார்கள். அதனால் தாமதத்தின் விலையை நன்கு அறிந்தவன் என்ற எண்ணம் எனக்கு உண்டு.

2017-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். 84 வயதான என் தாயாரைச் சென்னையில் உள்ள தங்கை வீட்டுக்கு விமானத்தில் அழைத்துச் சென்றேன். கோவை செல்லும் வழியில்தான் அவிநாசி. "ஒரு எட்டு உள்ளே போய்க் கும்பிட்டுட்டு வந்தர்லாங் கண்ணு" என்றார். காசிக்குப் போக இயலாதவர்களுக்கு அவிநாசியே காசி என்பது அவருடைய நம்பிக்கை. "நேரமாயிருமுங்கம்மா, திரும்பி வரும்போது நிதானமாகப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிப் புறவழிச்சாலையில் காரைச் செலுத்தச் சொன்னேன். அம்மா கோபுரம் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பினார். வேறொன்றும் சொல்லவில்லை.

விமானம் 2 மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. நான் கணக்கிட்டு மிச்சம் பிடித்த அதே 2 மணி நேரம்! அம்மா அந்த நேரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பஞ்சாட்சரம் ஜபித்துக்கொண்டிருந்தார்.

தை மாதத்தில், தங்கை வீட்டிலேயே உறக்கத்தில் இறைவனடி சேர்ந்தார். அவரைத் திருப்பூருக்குக் கொண்டுவந்தது சாலைவழியே. அந்த 8 மணி நேரமும் எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை.

அவிநாசியின் பெருமையை அறியாதவர் யார்? சேரமான் பெருமாளைக் காணத் திருவஞ்சைக்களம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த சுந்தரர், இவ்வூர் வீதியில் ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலியையும் எதிர்வீட்டில் அழுகை ஒலியையும் கேட்டார். மேலே நடக்காமல் நின்றார், காரணம் கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் முதலை விழுங்கிய பிள்ளையைப் பதிகம் பாடி மீட்டுத் தந்த பின்னரே பயணத்தைத் தொடர்ந்தார். அந்தப் பயணத்தின் நிறைவில்தான் அவருக்காகக் கயிலையிலிருந்து வெள்ளை யானை வந்தது. வான்வழி செல்லும் பேறு பெற்றவரும், அதற்குமுன் மண்வழியில் நின்று செவிகொடுத்தவரே என்பதை அம்மா மறைந்த பிறகுதான் உணர்ந்தேன்.

இப்போது விமானமானாலும் காரானாலும், வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டுவிடுகிறேன். கருணாம்பிகை சன்னிதியில் அம்மாவின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் மேலே பயணம். முதலை உண்ட பாலகனை மீட்டுத் தந்த இறைவனிடம், அன்று நான் தவறவிட்ட அரைமணி நேரத்தைத் திருப்பிக் கேட்கும் துணிவு எனக்கில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழியில் ஒரு கோயிலைக் காட்டினால், தயவுசெய்து வண்டியை நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.