பிழையில்லை, டொக்டர்

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பிழையில்லை’ என்றொரு சொல் உண்டு. மழை எப்படி, வெங்காயச் செய்கை எப்படி, உடம்பு எப்படி என்று எதைக் கேட்டாலும் பண்டத்தரிப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் அதுதான். முறைப்பாடு சொல்வது மரியாதைக்குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அந்த ஒரு சொல் என் மச்சானின் சீவியத்தைக் கவிழ்க்கப் பார்த்த கதையை இன்று எழுதவேண்டும். அதில் என் பங்கும் உண்டு.

மாமாவின் மகன், என் வயதுக்காரன். 1989இல் கனடா போனவன். ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்டி தூக்கிய முதுகு 2011இல் மறுத்துவிட்டது. முள்ளந்தண்டுத் தட்டுத் தேய்வு என்றார் வைத்தியர்.

இயலாமைக்கு உதவி கேட்கும் வாசல்கள் பல. எந்த வாசலைத் தட்டுவது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். ஒன்ராறியோவில் வேலைத்தலத்தில் காயமோ வேலையால் நோயோ என்றால் மாகாணத்தின் வேலைத்தலக் காப்புறுதிச் சபைக்குப் போகவேண்டும். ஆறு மாதத்துக்குள் கோரிக்கை கொடுக்கவேண்டும். மற்ற நோய்களுக்கு வேலையற்றோர் காப்புறுதியின் நோய்க்காலக் கொடுப்பனவு உண்டு. அன்று அது 15 வாரம். 2022 இறுதியிலிருந்து 26 வாரம். அதற்கப்பால் வேலைகொள்வோர் எடுத்துவைத்திருக்கும் நீண்டகாலக் காப்புறுதி. எல்லாவற்றுக்கும் கீழே கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமை ஓய்வூதியம்.

மச்சானின் நோய் ஒரு நாளில் நடந்த விபத்தன்று. வேலையால் வந்ததென்று நிறுவவும் ஆளில்லை. ஆகவே நீண்டகாலக் காப்புறுதிக்குப் போனான். அது கிடைத்தது. ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களில் ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலானவற்றில் முதல் 24 மாதம் ‘உன் வேலையைச் செய்யமுடியுமா’ என்றுதான் பார்ப்பார்கள். அதன்பின் ‘எந்த வேலையாவது செய்யமுடியுமா’ என்று கேள்வி மாறும். 2013இல் கேள்வி மாறியது, பணம் நின்றது. அதே ஆண்டு ஓய்வூதியத் திட்டமும் அவன் விண்ணப்பத்தை மறுத்தது.

மறுப்புக் கடிதத்தை அவன் மகள் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். வைத்தியரின் குறிப்பில் மூன்று இடங்களில் ‘நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்’ என்றிருந்ததாம். ஒவ்வொரு முறையும் இவன் சொன்னது ‘பிழையில்லை, டொக்டர்.’ 1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜோன் ஸ்கடர் மேலைத்தேய வைத்தியத்தைத் தொடங்கிய ஊர் எங்களுடையது. இருநூறு ஆண்டு பழகியும் வைத்தியரிடம் உண்மையைச் சொல்ல நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்த பிழை என்னுடையது. விண்ணப்பத்தோடு போன விளக்கக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான், மகள் மொழிபெயர்த்தாள். பத்திரிகைக்காரன் அல்லவா, ‘சொல்லொணா வேதனை’, ‘இருண்டுபோன வாழ்வு’ என்று உருக்கமாக எழுதினேன். படிவத்தை வாசிக்கும் அலுவலருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

இரண்டாம் முறை அப்படி எழுதவில்லை. மூன்று வாரம் ஒரு கொப்பியில் குறித்துவரச் சொன்னேன். எத்தனை நிமிடம் இருக்கமுடிகிறது, எத்தனை நிமிடம் நிற்கமுடிகிறது, இரவில் எத்தனை தரம் விழிப்பு, சப்பாத்து நாடாவைக் கட்டுவது யார், மருந்து குடித்தபின் எவ்வளவு நேரம் மயக்கம். இருபது நிமிடத்துக்குமேல் அவனால் கதிரையில் இருக்கமுடியவில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். அந்தக் கொப்பியை வைத்தியரிடம் கொடுத்தான். அவர் நோயின் பெயரோடு நிற்காமல், அவனால் செய்யமுடியாதவற்றையும் எழுதிக் கொடுத்தார். மறுபரிசீலனை கேட்கக் கொடுக்கப்படும் 90 நாளுக்குள் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

இன்னொன்றும் கைகொடுத்தது. ‘கடுமையான, நீடித்த’ இயலாமை என்பதே அந்தத் திட்டத்தின் அளவுகோல். வில்லானி என்பவரின் வழக்கில் 2001இல் கனடாவின் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விளக்கம் தந்தது: ஒருவரால் வேலை செய்யமுடியுமா என்று பார்க்கும்போது அவருடைய வயது, கல்வி, மொழித்தேர்ச்சி, செய்த தொழில் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். நாற்பத்தைந்து வயதில், தொழிற்சாலை ஆங்கிலத்தோடு, பெட்டி தூக்குவதைத் தவிர வேறு தொழில் அறியாத ஒருவனிடம் ‘மேசை வேலை பார்’ என்று சொல்வது எளிதன்று. 2014இல் ஓய்வூதியம் கிடைத்தது.

நிறுவனக் காப்புறுதி மட்டும் திரும்ப வரவில்லை. அவர்களுடைய உள்மேன்முறையீட்டில் கடிதத்துக்குமேல் கடிதமாக இழுபட்டது. ‘அவசரப்படாதே, பதில் வரட்டும், வழக்கறிஞருக்கு ஏன் வீண் செலவு’ என்று புத்தி சொன்னவன் நான். ஒன்ராறியோவில் வழக்குத் தொடரப் பொதுவாக இரண்டு ஆண்டே கெடு. கடிதப் போக்குவரத்து நடக்கிறது என்பதற்காக அந்த மணிக்கூடு நிற்பதில்லை. நாங்கள் அதை அறிந்தபோது கெடு கடந்திருந்தது. அவன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் உறுத்துகிறது.

இது கனடாக் கதை மட்டுமன்று. இலங்கையிலும் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நிரந்தர இயலாமை வந்தால் ஊழியர் சேமலாப நிதியை வயது வரும்முன்னரே எடுக்கலாம். அங்கும் வைத்தியச் சான்றும் திகதியும்தான் பேசும், கண்ணீர் பேசாது. ஆகவே வாசகர்களே, கடிதம் ஒவ்வொன்றுக்கும் பிரதி வையுங்கள். கடித உறையிலுள்ள திகதியைப் பாருங்கள். மறுப்பு வந்த அன்றே கெடு எது என்று கேளுங்கள். வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

2016இல் மாமியின் ஆட்டைத் திவசத்துக்கு மச்சான் ஊருக்கு வந்திருந்தான். எல்லோரும் பந்தியில் இருக்க அவன் மட்டும் விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்றபடி சாப்பிட்டான். உடம்பு எப்படி என்று கேட்டேன்.

“பிழையில்லை,” என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “உனக்குச் சொல்லலாம்தானே மச்சான், நீ டொக்டர் இல்லையே.”