அடங்கிட்டானா, தேறிட்டானா?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் நம்மில் பலரும் சூரிய மின்சாரம், ரோபோ என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். நான் ஒரு மாத்திரையைப் பற்றி எழுதப் போகிறேன். அதைச் சாப்பிடுகிறவன் என் தம்பி. வயது ஒன்பது. தென்காசியில் நாலாம் வகுப்பு படிக்கிறான். அந்த மாத்திரை வேலை செய்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்ள எங்கள் வீட்டுக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. நாம் படித்த மெஷர்மென்ட்ஸ் பாடமும் அதில் கொஞ்சம் கைகொடுத்தது என்பதால்தான் இந்த மலரில் இடம் கேட்டேன்.

தம்பிக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. தமிழில் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் "வாலு". எல்லாப் பிள்ளையும்தான் ஓடும், குதிக்கும். அதற்கெல்லாம் மாத்திரையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்க வேண்டும். இத்தனையும் இருந்தால்தான் டாக்டர்கள் அந்தப் பெயரையே சொல்கிறார்கள். வளர்ப்பு சரியில்லாததால் வருவதல்ல என்று டாக்டரம்மா சொன்னபோது எங்கள் அம்மா அந்த அறையிலேயே அழுதுவிட்டாள். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று ஊரார் சொன்னதையெல்லாம் அத்தனை வருஷம் மனசுக்குள் சுமந்திருந்தாள் போலும்.

எங்களைப் பயமுறுத்தியது படிப்பு அல்ல, குற்றாலம். சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசிக்காரன் வீட்டில் இருப்பானா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீசனில் மெயினருவிக்குப் போயிருந்தோம். தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது என்று போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுகிறார். தம்பி என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடுகிறான்! யாரோ ஒரு அண்ணாச்சி எட்டிப் பிடித்தார். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு மாணவனின் உயிர் போனது நம் எல்லோருக்கும் தெரியும். "நில்லு" என்றால் நிற்க முடியாத பிள்ளையை வைத்திருக்கும் வீட்டில் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரை வந்த கதை

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தின் பெயர் மீத்தைல்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தில் சிபா கம்பெனியில் வேலை பார்த்த லியான்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் 1944-ல் உருவாக்கியது. அவர் மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அந்தப் பெயரால்தான் மருந்துக்கு ரிட்டாலின் என்று பெயர் வந்தது!

இது ஊக்கம் தரும் வகை மருந்து. ஏற்கெனவே ஆடுகிற பிள்ளைக்கு ஊக்கமருந்தா என்று எனக்கும் ஆச்சரியம். டோபமைன், நார்அட்ரினலின் என்று மூளையில் இரண்டு ரசாயனங்கள் உண்டு. அவை சட்டென்று திரும்ப உறிஞ்சப்படாமல் இந்த மருந்து தடுக்கிறது. அதனால் கவனத்தைப் பிடித்து வைக்கும் பகுதியும், பிரேக் போடும் பகுதியும் நன்றாக வேலை செய்கின்றன. தூக்க மாத்திரையோ மயக்க மருந்தோ அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இந்த வகை மருந்துகளின் கதை அதற்கும் முந்தியது. 1937-ல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், தன் மருத்துவமனையில் இருந்த 30 பிள்ளைகளுக்கு பென்சிட்ரின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 14 பேர் பள்ளிப் பாடத்தில் பெரிய முன்னேற்றம் காட்டினார்கள். பிள்ளைகளே அதைக் கணக்கு மாத்திரை என்று சொல்ல ஆரம்பித்தார்களாம். அந்தப் பெயரைக் கவனியுங்கள். தங்களால் என்ன செய்ய முடிந்தது என்பதை வைத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

ஆளுக்கொரு ரீடிங்

எங்கள் வீட்டில் மாத்திரை தொடங்கி, இரண்டாவது தடவை அளவைக் கூட்டிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளியில் டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் நல்ல பையனா இருக்கான். இருக்கிற இடமே தெரியல" என்றார்.

ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. "எய்யா, என் பேரன் சிரிப்பக் காணலியே. சொவரப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான். புள்ளைய மயக்கிப் போட்டுட்டாவளா?" என்றாள்.

அப்பா மர மில்லிலிருந்து வந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார். மத்தியானச் சோறு அப்படியே திரும்பி வந்திருக்கும். அம்மாவின் ரீடிங் வேறு: சாயங்காலம் ஐந்து மணி ஆனால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை, கோபம்.

"நிப்பாட்டிருவோம்" என்றார் அப்பா. "மறுபடியும் மெயினருவியில ஓடுனா யாரு புடிப்பா?" என்றாள் அம்மா. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை ரயிலேறி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலிக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அடங்கி இருக்கானான்னு நான் கேக்கலம்மா. ஆரம்பிச்ச வேலைய முடிக்கிறானா? கூப்பிட்டா திரும்புறானா? கூட்டாளிங்க விளையாடக் கூப்பிடுறாங்களா? சிரிக்கிறானா? இதுதான் எனக்கு வேணும். ஆச்சி சொன்னது சரி. இப்படி சோர்ந்து உக்காந்தா, அளவு கூடிப்போச்சுன்னு அர்த்தம்."

நண்பர்களே, நம் மெஷின்ஸ் லேபை நினைத்துப் பாருங்கள். மோட்டாரில் சத்தம் இல்லை என்றால் நன்றாக ஓடுகிறது என்று எழுதிவிடுவோமா? ஓடாமலேயே நின்றிருக்கலாம்! லோடு கொடுத்து, வேகம் பார்த்து, கரண்ட் பார்த்து, சூடு பார்த்துத்தானே சொல்கிறோம். வகுப்பில் சத்தமில்லாமல் இருப்பது டீச்சருக்கு வசதி. அதை மட்டும் வைத்துப் பிள்ளை தேறிவிட்டான் என்று சொல்ல முடியாது.

நாற்பது பக்க நோட்டு

டாக்டரம்மா ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். வாண்டர்பில்ட் அளவுகோல் என்று பெயர். குறைபாட்டைப் பற்றி மட்டும் பதினெட்டுக் கேள்விகள்: ஒன்பது கவனத்தைப் பற்றி, ஒன்பது ஓட்டம், அவசரம் பற்றி. ஒவ்வொன்றுக்கும் ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, மிக அடிக்கடி என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். பெற்றோருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று. அம்மாவுக்கு நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். மருந்து தொடங்குவதற்கு முன்னால் நிரப்பிய தாளும் இருந்தது; அதுதான் எங்கள் முதல் ரீடிங். முதல் ரீடிங் இல்லாமல் எத்தனை பாயின்ட் குறைந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

இதோடு நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன். காலை, பள்ளி, நாலு மணி, ஆறு மணி, ராத்திரி. சாப்பாடு, தூக்கம், அழுகை, வீட்டுப்பாடம் என்று தனித்தனி வரிசை. மாத்திரை கொடுத்த நேரம் மேலே. இரண்டே வாரத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. அழுகை எல்லாம் மருந்தின் வேகம் இறங்குகிற நேரத்தில்தான்! மீத்தைல்ஃபெனிடேட்டில் குறுகிய நேர வகை ஏறக்குறைய நாலு மணி நேரம் நிற்கும். நீண்ட நேர வகை எட்டு மணி நேரம், சிலவற்றில் அதற்கும் மேலே. இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு எரிச்சல் வரும் என்றார் டாக்டரம்மா. ஆகவே சாயங்காலக் கோபத்தைப் பார்த்து, மருந்தே ஆகவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. அடோமாக்செடின் என்ற வேறு மருந்தும் உண்டு. அது முழுப் பலன் காட்டவே பல வாரம் ஆகும். அதை ஒரே நாளில் அளக்க முடியாது.

நோட்டைப் பார்த்து அளவைக் குறைத்தார். சில வாரம் கழித்து நீண்ட நேர வகைக்கு மாற்றினார். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியாது என்பது நமக்குப் புதிதல்லவே. காலைப் பலகாரத்தை மாத்திரைக்கு முன்னால் வயிறார கொடுக்கச் சொன்னார். பசி திரும்புகிற சாயங்காலம் இன்னொரு சாப்பாடு. ஒவ்வொரு தடவை போகும்போதும் எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடி பார்க்கிறார்.

இப்படி அளப்பதால் என்ன பயன் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் எம்.டி.ஏ. என்ற ஆய்வு 1999-ல் வெளிவந்தது. 579 பிள்ளைகள், 14 மாதங்கள், நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்கு மாதந்தோறும் டாக்டர் பார்த்து, ஆசிரியரிடமும் விசாரித்து, மருந்தளவைத் திருத்தினார்கள். இன்னொரு குழு வெளியே வழக்கமான வைத்தியத்துக்கு விடப்பட்டது. அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் மருந்து சாப்பிட்டவர்கள்தான். ஆனாலும் முதல் குழுவின் பிள்ளைகளே நன்றாகத் தேறினார்கள். மருந்தின் அளவு, வேளை எல்லாம் குழுவுக்குக் குழு வேறுபட்டது என்பது உண்மை. அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தானே மாதாமாதம் பார்த்தார்கள்! மூன்றாம் ஆண்டில் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே அந்த வித்தியாசம் மறைந்துபோயிருந்தது. ஒரு தடவை சரியாகிவிட்டது என்று நோட்டை மூடிவிட முடியாது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை வளர்கிறான், வகுப்பு மாறுகிறது, மருந்தின் தேவையும் மாறும்.

என்ன தெரிந்தது?

இப்போது நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன். வீட்டுப்பாடத்தில் பாதிக்கு மேல் தானாக முடிக்கிறான். தெருப் பையன்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். முன்பு அவுட் ஆனால் மட்டையைத் தர மாட்டான் என்று சேர்க்க மாட்டார்கள். ஆச்சியைக் கேலி செய்து சிரிக்க வைக்கிறான். இந்த சீசனில் ஐந்தருவியில் வரிசையில் நின்றான். விசில் கேட்டதும் என் முகத்தைப் பார்த்தான். ஆனாலும் அருவிக்குக் காலையில்தான் கூட்டிப் போகிறோம். சாயங்காலம் மருந்து இறங்கிவிடும் என்று தெரிந்த பிறகு எதற்கு வீண் தைரியம்?

எல்லாவற்றையும் விட நான் பெரிதாக நினைப்பது அவனே சொன்னதை. "இப்ப எப்படில இருக்கு?" என்று கேட்டேன். "அண்ணே, முன்னாடி டீச்சர் பேசும்போது ரோட்டுல போற பஸ்ஸும் சேந்து கேக்கும். இப்ப டீச்சர் மட்டும் கேக்கு" என்றான். எந்தக் கேள்வித்தாளிலும் இல்லாத ரீடிங் அது!

மாத்திரை செய்யாததையும் சொல்ல வேண்டும். அது வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்காது. இரண்டு வருஷமாகக் காதில் விழாமல் போன பாடத்தை நாங்கள்தான் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறோம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, செய்ததும் உடனே பாராட்டுவது என்று பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முதலில் அந்தப் பயிற்சிதான், பிறகுதான் மருந்து என்கிறார்கள்.

கடைசியாக நமக்கு இரண்டு வார்த்தை.

ஒன்று: செமஸ்டர் நேரத்தில் ராத்திரி கண் விழிக்க இந்த மாத்திரை உதவுமா என்று என்னிடமே ஒரு நண்பன் கேட்டான். வேண்டாம்! 1985-ம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து அது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கவோ, ஒருவருடையதை இன்னொருவர் சாப்பிடவோ கூடாது. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும்.

இரண்டு: உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் "சேட்டை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுக்கள் உண்டு. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தின் பட்டியலில் இந்தக் குறைபாடும் இருக்கிறது, அவர்களிடம் சொல்லலாம். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிற பிள்ளையாக இருந்தால், நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ சொல்லாதீர்கள். கட்டம் போட்டு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். நாம் படித்த படிப்புக்கு அது முடியும். டீச்சரைக் கேளுங்கள், அம்மாவைக் கேளுங்கள், ஆச்சியைக் கேளுங்கள். அந்தப் பிள்ளையையும் மறக்காமல் கேளுங்கள்.