பரோபகாரமும் கோழிக்குஞ்சும்

கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. ஆகாது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மனிதன் கை பட்டு முடமான குஞ்சுகள் உண்டு. செத்துப்போன குஞ்சுகளும் உண்டு. அந்தக் கைகள் பெரும்பாலும் பொல்லாத கைகள் அல்ல, இரக்கம் மிகுந்த கைகள் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

அடை வைத்து 21 நாள் ஆகிவிட்டது. முட்டையில் மிளகு அளவுக்கு ஒரு துவாரம் விழுந்திருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன அலகு மூச்சு வாங்குகிறது, 'கீச்' என்கிறது. மணி மூன்றாகிறது, நாலாகிறது. துவாரம் பெரிதாகக் காணோம். பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு மனசு கேட்பதில்லை. நகத்தால் இரண்டு சில்லை உரித்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. உரிக்கிறார். உள்ளே இருக்கும் சவ்விலிருந்து ரத்தம் கசிகிறது. அரைமணியில் 'கீச்' நின்று போகிறது.

அந்த நாலு மணி நேரமும் குஞ்சு சும்மா இருக்கவில்லை. முதலில் அது முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நீட்டி, பிறவியில் முதல் தடவையாக நுரையீரலால் மூச்சு விட்டது. அங்கே கரியமில வாயு மிகுந்ததும் பிடரித் தசை துடித்தது. அந்தத் துடிப்பில், அலகு நுனியிலுள்ள 'முட்டைப் பல்' ஓட்டைக் குத்தியது. அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. சவ்வில் படர்ந்திருக்கும் குழாய்களிலுள்ள ரத்தமெல்லாம் உடம்புக்குள் திரும்ப வேண்டும். மீதமுள்ள மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போய்ச் சேர வேண்டும். இதற்கு அரை நாளாகும். சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். எல்லாம் முடிந்தபின், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெல்லத் திரும்பி, ஓட்டை வட்டமாக வெட்டி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த அந்த மஞ்சள் கருதான் அதற்கு இரண்டு மூன்று நாளைக்குச் சாப்பாடு. ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வைத்து ரயிலிலும் விமானத்திலும் அனுப்ப முடிகிறதென்றால் அதற்கு இதுதான் காரணம்.

இதைச் சொன்னால் மேடைப் பிரசங்கிகளுக்கு உற்சாகம் பிறந்துவிடும். "பார்த்தீர்களா! கஷ்டப்பட்டால்தான் பலம் வரும். யாருக்கும் கை கொடுக்காதீர்கள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வண்ணத்துப்பூச்சியின் கூட்டைக் கத்தரித்துவிட்ட மனிதனின் கதையும் கூடவே வந்துவிடும். எனக்கு அந்தக் கதையில் முழுத் திருப்தி இல்லை. குஞ்சு காத்திருப்பது கஷ்டத்தினால் பலம் பெறுவதற்காக அல்ல. வேலை முடியவில்லை, அதனால் காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் முத்துப்பேட்டையில் ஒரு கிழவியிடம் தெரிந்துகொண்டேன்.

பாமணியாறும் கோரையாறும் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலைத் தேடும் அந்த ஊரை, 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் வீசிய கஜா புயல் புரட்டிப் போட்டது. அந்த வட்டாரத்துத் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. மறுவருஷம் மாசி மாதம் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனேன். தோப்பு இருந்த இடம் வெறும் வெளியாகக் கிடந்தது. புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகள் முழங்கால் உயரம் நின்றன. அவை காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். கோழிக்கு 21 நாள் போதும். ஆகவே நண்பரின் தாயார் கோழி அடை வைத்திருந்தாள். வைக்கோல் பரப்பிய கூடையில் 11 முட்டை. இடி விழுந்து முட்டை கூழாகாமல் இருக்க ஓரத்தில் ஒரு இரும்பாணி, கரித்துண்டு, மிளகாய். அந்த வீட்டின் கைச்செலவு அந்தக் கூடையில்தான் இருந்தது.

நான் போன அன்று மாலைக்குள் ஒன்பது குஞ்சு வந்துவிட்டன. பத்தாவதில் துவாரம் மட்டும் விழுந்திருந்தது. பதினோராவதில் அதுவும் இல்லை. காதில் வைத்தால் லேசாகத் தட்டும் சத்தம் கேட்டது. நண்பரின் பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். கூடையை விட்டு நகரவில்லை.

"அப்பாயி, கத்துதே! நான் உரிச்சு விடட்டுமா?"

"கையை எடு புள்ள. அது அழுவல, தாயோட பேசுது. பேசற மட்டும் பயமில்லை."

கிழவி சொன்னது கற்பனையல்ல. முட்டைக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுப்பதும் தாய் பதில் சொல்வதும் உண்மை. ஒட்டிக் கிடக்கும் காடை முட்டைகள் தங்களுக்குள் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்கின்றன என்பதை மார்கரெட் வின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இங்கிலாந்தில் 1960-களில் கண்டு எழுதினார்.

மறுநாள் காலையில் நிலைமை மாறிவிட்டது. ஒன்பது குஞ்சும் கால் முளைத்தவை. தாய்க்கோழி அவற்றை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டது. கூடையில் இரண்டு முட்டையும் குளிர்ந்து கிடந்தன. மாசிக் காற்று வேறு. துவாரத்து ஓரச் சவ்வு பழங்காகிதம் மாதிரி பழுப்பேறி, குஞ்சின் மயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குரலும் மங்கிவிட்டது.

நண்பர் சொன்னார்: "விட்டுடும்மா. தானா வர முடியாத குஞ்சு, வந்தாலும் தேறாது."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு என்னடா குறை? தாய் எழுந்து போயிட்டா, ஓடு காஞ்சு போச்சு. குத்தம் குஞ்சு மேலயா?" என்றவள் என் பக்கம் திரும்பி, "தம்பி, உள்ளே கொஞ்சம் வெந்நீர் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஒற்றினாள். துவாரத்தின் ஓரத்தில் ஒரு சில்லை எடுத்தாள். சவ்வு வெள்ளையாக இருந்த இடத்தில் மட்டும் விலக்கினாள். ஓரிடத்தில் சிவப்பு நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. உடனே கையை எடுத்துவிட்டாள். முட்டையைத் தாய்க்கோழியின் அடியில் வைத்துப் பஞ்சாரத்தால் மூடினாள். இப்படி மத்தியானத்துக்குள் மூன்று தடவை. மூன்றாம் தடவை சிவப்பு நூல் இல்லை. மேல்மூடியை மட்டும் கழற்றிவிட்டு, "மீதியை அது உதைச்சுக்கிட்டு வரட்டும்" என்றாள். பொழுது சாய்வதற்குள் வந்தது.

பதினோராவது முட்டையில் சத்தம் நின்றுபோயிருந்தது. உடைத்துப் பார்த்தாள். குஞ்சின் தலை குறுகிய முனைப் பக்கம் போயிருந்தது. காற்றறை இருப்பது எதிர்ப்பக்கம். "வழி தப்பிப் போச்சு. இது நம்ம கைக்கு எட்டாத இடம்" என்று பெண்ணிடம் காட்டிச் சொன்னாள். அதை ஒரு தென்னம்பிள்ளையின் தூரில் புதைத்தாள்.

எகிப்து தேசத்தில் பழங்காலம் முதல் மண் அடுப்புகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கிறார்கள். ரெயோமூர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அந்த அடுப்புகளைப் பற்றி அறிந்து, சாணக் குவியலின் சூட்டில் முட்டை பொரிக்கப் பார்த்து, 1749-இல் புத்தகமே எழுதினார். உஷ்ணமானி இல்லாமலே அந்த எகிப்தியத் தொழிலாளிகள் சூட்டை அளந்தார்கள். முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இன்றைய பெரிய பொரிப்பகங்களில் சூடும் ஈரமும் இயந்திரத்தின் பொறுப்பு. குறித்த நேரம் வந்ததும் தட்டை இழுத்துவிடுவார்கள். அதற்குள் வெளிவராதது கழிவு. லட்சம் முட்டைக்கு நடுவில் வேறு வழியும் இல்லை. கணக்கில் அது நியாயம்தான். ஆனால் அந்தக் கணக்கை மனிதர்களுக்கும் போட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கஜாவுக்குப் பிறகு பட்டணத்தில் ஒரு கல்யாண வீட்டில் காதால் கேட்டேன்: "கொடுத்துக் கொடுத்து அந்த ஜனங்களைக் கெடுக்கிறார்கள். தானே எழுந்து நிற்கப் பழக வேண்டாமா?" சொன்னவர் தம் பையனின் பள்ளிக்கூடக் கட்டுரைகளைத் தாமே எழுதிக் கொடுக்கிறவர். வேலை முடியாத முட்டையை உரிக்கிறார். காய்ந்துபோன முட்டைக்கு உபதேசம் செய்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம்மில் பலருக்கும் இரக்கம் நம் வீட்டுக்குள்ளும் தத்துவம் அடுத்த வீட்டுக்குமாகப் பிரிந்து போயிருக்கிறது.

உதவலாமா கூடாதா என்பதற்குப் பொதுவான விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிழவி அப்படி ஒரு விடையைத் தேடவும் இல்லை. குரல் இருக்கிறதா, சவ்வு ஈரமா, ரத்தம் ஓடுகிறதா என்று அந்த ஒரு முட்டையைப் பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். உரிக்க ஒரு நிமிஷம் போதும். உபதேசத்துக்கு அதுகூட வேண்டாம். அவளுக்கு ஒரு பகல் முழுவதும் ஆயிற்று.