பாட்டியின் முகம் பாட்டியின் நிறத்தில்

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு சின்ன வெங்காயக் காட்டில், கூலிக்கு வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி ஒருவரைப் பேசவைத்து போனில் படம் எடுத்தோம். மாமனார் பெயரில் இருந்த பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது என்று அரைமணி நேரம் சொன்னார். 1892 அரசாணைக்குப் பிறகு நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களின் கதை அது. உச்சி வெயில். பின்னால் மோட்டார் கொட்டகையின் சுண்ணாம்புச் சுவர். அந்த வெள்ளையைப் பார்த்துப் போன் தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. முகம் வெறும் நிழலாகிவிட்டது.

கல்யாண வீடியோ போடும் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரி செய்யுங்கள் என்றோம். வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். பாட்டியிடம் காட்டினால், "யாரு சாமி இது? பவுடர் அப்புன பொணமாட்டம்" என்றார். அன்றைக்குத்தான் இதை நாமே கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தோம்.

இது ஒரு ஸ்டூடியோவின் குற்றம் இல்லை. கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட 'ஷெர்லி' அட்டையை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்க்கச் சொன்னது. பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் குறை சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதர்களுக்காக அல்ல, மேசை நாற்காலிக்காக!

மாதச் சந்தா கட்டும் பிரீமியர் நமக்குக் கட்டாது. திருட்டுப் பிரதியும் வேண்டாம், வைரஸ் வந்து சாட்சியப் பதிவுகளே போய்விடும். நாங்கள் எடுத்துக்கொண்டது டாவின்சி ரிசால்வ். ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலையில் பெரிய சினிமா லேப்களில் மட்டுமே இருந்த கருவி இது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் வாங்கியது, 2011இல் இலவசப் பதிப்பு வந்தது. வாட்டர்மார்க் கிடையாது. நிறம் திருத்தத் தேவையானவை அநேகமாக எல்லாமே அதில் உண்டு. 295 டாலர் பதிப்பில் முகத்தை மெருகேற்றும் வசதி இருக்கிறதாம். அது நமக்கு எதற்கு?

சிக்கல் வேறு இடத்தில். 16 ஜிபி ராமும் தனி கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். எங்கள் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் திணறியது. பிராக்ஸி எனப்படும் சின்னப் பிரதிகளை உருவாக்கி வேலை செய்தோம். லினக்ஸ் வைத்திருக்கும் தோழர்கள் கவனிக்கவும்: இலவசப் பதிப்பு அதில் போன் வீடியோவின் எச்.264ஐத் திறக்காது. அவர்களுக்கும் பழைய கணினிக்கும் கேடென்லைவ், ஷாட்கட் போதும். இரண்டும் முழு இலவசம்.

ரிசால்வில் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு வட்டம் இருக்கிறது. அதில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு. கறுப்போ சிவப்போ, எல்லா மனிதர் தோலும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டின் பக்கம்தான் விழுகிறது. வெளிச்சத்தில்தான் பெரிய வேறுபாடு. முதல்முறை பார்த்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நிறம்தான் சாதி என்று நாங்கள் சொல்லவில்லை. சென்னை மாகாணத்துப் பிராமணரும் பறையரும் ஒரே இனவழிதான் என்று 1936லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். ஆனால் கறுப்பை வெளுத்தால்தான் முகம் என்ற நினைப்பு எடிட்டிங் மேசை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே காமாவை மெல்ல ஏற்றினோம். முகத்தைச் சுற்றி மட்டும் ஒரு பவர் விண்டோ போட்டு, தலை அசைகிற பக்கமெல்லாம் அது நகரும்படி டிராக் செய்தோம். சுவரின் வெள்ளையைக் கீழே இறக்கினோம். அந்த மினுங்கும் கறுப்பு திரும்பி வந்தது.

பாதி வேலை படம் எடுக்கும்போதே முடியவேண்டும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பக்கம் போனபோது, வெளுத்த மண்ணும் புழுதியும் அதே வேலையைக் காட்டின. இந்தமுறை முகத்தின் மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, எச்டிஆரை அணைத்துவிட்டு எடுத்தோம். திருத்த வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை.

பாட்டியிடம் மறுபடி போனோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். "தலையில வெங்காயச் சருகு ஒட்டியிருக்கே, ஒருத்தராச்சும் எடுத்துவிட்டிருக்கக் கூடாதா?" என்று எங்களைத் திட்டினார்.