காத்திருந்த படகு

திருச்சுழிப் பகுதி உழவர் ஒருவர், குண்டாறு வறண்டு மணலாய்க் கிடந்த ஓர் ஆவணித் திங்களில், பாம்பனிலுள்ள நண்பரைக் காணச் சென்றார். வைகறையில் இருவரும் படகேறி, பாக்கு விரிகுடாவாகிய வடகடலினின்று மன்னார் வளைகுடாவாகிய தென்கடலுக்குப் புறப்பட்டனர்.

பாலத்தருகே படகுகள் வரிசையாய் நின்றன. 1914 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பழைய இரயில் பாலம், இரு கைகளை உயர்த்துவதுபோல் திறந்து கலங்களுக்கு வழிவிட்டது. 2025 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற புதிய பாலமோ, தன் நடுப்பகுதியை நேரே மேலுயர்த்தி வழிவிடுகிறது.

“கண்ணுக்கு எட்டிய வரை நீர் இருக்க, நாம் நிற்பானேன்?” என்றார் உழவர்.

“பாறைகள் நிறைந்த குறுகிய வழி இது, ஐயா. நீரோட்டம் தணிய வேண்டும்; பாலமும் உயர வேண்டும்” என்றார் நண்பர். அவர் வாளா இருந்தாரல்லர், கயிற்றை இறுக்கினார், சுக்கானைச் சோதித்தார், விசைப்பொறியைத் துடைத்தார். பாலம் உயர்ந்தது, படகு இடரின்றிக் கடந்தது.

உழவருக்குத் தம் ஊர்க் கண்மாயின் உடைந்த கரை நினைவுக்கு வந்தது. மழை வந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று ஊரார் அதனை விட்டிருந்தனர். ஊர் திரும்பிய மறுநாட் காலையில் முதல் மண்வெட்டி அவருடையதாயிற்று. பின்னர்ப் பலர் வந்து சேர்ந்தனர்.

காத்திருத்தல் வேறு, சோம்பியிருத்தல் வேறு. காலம் வருமுன் கருவியைச் செப்பஞ்செய்து வைப்போர்க்கே, வரும் காலம் பயன்படும்.