உப்புக் காற்றில் ஓம் விதி

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் பட்டறை வேலை மும்முரமாக நடக்கும் காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறுகின்றன. பலகை மாற்றுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கிறார்கள். தச்சர் வேலையையும் மெக்கானிக் வேலையையும் படகு உரிமையாளர்களான சம்மாட்டிகள் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். கேபினுக்கு அடியிலும் எஞ்சின் அறையின் மூலையிலும் குனிந்து கிடக்கும் எலெக்ட்ரீஷியன் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், சால்டரிங் அயர்ன், கொஞ்சம் லக், கொஞ்சம் இன்சுலேஷன் டேப். இவ்வளவுதான் அவருடைய தொழில் மூலதனம். இந்தக் கைவேலையைப் பார்ப்பதற்காகவே இந்தக் கரைக்கு வந்தேன். பார்த்ததிலிருந்து எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: படகின் மின்சார வேலையில் பள்ளிப் பாடப் புத்தகத்து அடிப்படை விதியே மிகப் பயனுள்ள கருவி. அது தெரியாமல் செய்யும் பழுதுபார்ப்பில் பெரும்பகுதி, நல்ல பாகத்தைக் கழற்றிவிட்டு வேறொரு நல்ல பாகத்தை மாட்டுவதாகவே முடிகிறது.

வீட்டில் 230 வோல்ட். படகில் 12 அல்லது 24. தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் வேலையும் எளிது என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் கதை மாறுகிறது. ஓடும் மின்னோட்டத்தையும் பாதையின் தடையையும் பெருக்கினால், வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று தெரியும்; ஓம் விதி சொல்வது இதைத்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம் தடை. பேட்டரியிலிருந்து கேபின் வரை 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக வர 20 மீட்டர், தடை 0.24 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் அது நூற்றில் ஒரு பங்கு, யாரும் கவனிக்க மாட்டார்கள். 12 வோல்ட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு. இதோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. டெர்மினலில் பச்சைக் களிம்பு பூக்கிறது. உப்பு நீர் ஒயரின் இழைகளுக்கு இடையே ஊறி, மேலுறை புதிதுபோல் இருக்க உள்ளே செம்பு கறுத்துப்போகிறது. எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது ஒரு டெர்மினலில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் இழப்பு, அந்த ஒரே இடத்தில் 400 வாட் சூடு. மோட்டார் முனகுவதைக் கேட்டுவிட்டுப் பேட்டரியை மாற்றினால், அந்த டெர்மினல் புதுப் பேட்டரியையும் அதே நிலைக்குத்தான் கொண்டுபோகும்.

என் வாதத்துக்கு வலுவான சான்று விஎச்எஃப் வயர்லெஸ் செட். படகுக்காரர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி: “அண்ணாச்சி, செட்டுல நல்லா கேக்குது, மைக்க அமுக்குனா ஆஃப் ஆயிருது.” உடனே செட் போய்விட்டது என்ற முடிவுக்கு வருகிறார்கள். 25 வாட் செட் ஒன்று கேட்கும்போது ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். பேசும்போது ஐந்தரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். முன்சொன்ன 0.24 ஓம் ஒயரில், கேட்கும்போது இழப்பு அற்பம், பேசும்போது 1.3 வோல்ட். எஞ்சின் ஓடி டைனமோ 14 வோல்ட் கொடுத்துக்கொண்டிருந்தால் செட்டுக்கு 12.7 வோல்ட் போய்ச் சேரும், பேசலாம். எஞ்சின் நின்று பேட்டரி 12.4 வோல்ட்டில் இருந்தால் செட்டுக்குக் கிடைப்பது 11.1 மட்டுமே. இத்தகைய செட்டுகளில் பல 13.8 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. அதிலிருந்து 15 சதவீதம் வரை, அதாவது சுமார் 11.7 வரை இறங்கினால் தாங்கும். ஆக, எஞ்சின் ஓடும்வரை மறைந்திருக்கும் பழுது, எஞ்சின் நின்று நடுக்கடலில் 16-ஆம் சேனலில் உதவி கேட்க மைக்கை எடுக்கும்போது வெளிப்படுகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தென்கரையைத் தாக்கியபின், படகில் என்னென்ன கருவி வேண்டும் என்று நிறையப் பேசினோம். கருவிக்குப் போகும் ஒயரின் பருமன் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை.

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறையில்தான் தொழிலாளியின் தேர்ச்சி தெரிகிறது. செட்டின் பிளக்கைக் கழற்றி அதில் மீட்டரை வைத்தால் பேட்டரியின் முழு வோல்ட்டும் காட்டும். டிஜிட்டல் மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் அளவுதான். ஓட்டமே இல்லாதபோது கெட்ட ஒயரிலும் இழப்பு இராது. மீட்டரை ஓமில் வைத்து ஒயரை அளந்தாலும் பயனில்லை. அதன் ஊசிக் கம்பிகளுக்கே பூச்சியம் புள்ளி ஒன்று, இரண்டு ஓம் தடை உண்டு, டெர்மினலில் இருக்கும் 0.01 ஓம் அதில் தெரியவே தெரியாது. விவரம் தெரிந்தவர் சுமை ஓடும்போது அளக்கிறார். ஒருவர் மைக்கை அழுத்திப் பிடிக்க, இவர் பேட்டரி முனைக்கும் லக்குக்கும் இடையே, ஃபியூஸின் இரு பக்கமும், ஸ்விட்சின் இரு பக்கமும் என்று வரிசையாக வோல்ட் இழப்பைப் பார்க்கிறார். ஒரு சுற்றில் உள்ள எல்லா இழப்புகளையும் கூட்டினால் மூலத்தின் வோல்ட்டுக்குச் சமமாகும் என்று கிர்க்காஃப் 1845-இல் சொன்னது இங்கே தேடும் முறையாகிறது. தொலைந்த வோல்ட் எங்கோ ஓரிடத்தில் இருந்தே ஆகவேண்டும். கருவியால் நேரடியாக அளக்க முடியாத தடையை, விதியின் துணையால் அவர் அளந்துவிடுகிறார்.

பாகங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். டைனமோவுக்குள் மூன்று சுருள்களின் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசையாக்குவது பொதுவாக ஆறு டயோடுகள். அவற்றில் ஒன்று போனாலும் சார்ஜ் ஏறுவதுபோலவே இருக்கும். செட்டில் மட்டும் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி கேட்கும். டயோடு ஒருவழிப் பாதை என்பதும், சிலிக்கானில் நல்ல திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை விழும் என்பதும் தெரிந்தவர், செட்டைத் திறக்காமல் டைனமோவைத் திறப்பார். விளக்கிலும் இதே கணக்குதான்: 60 வாட் பல்பு இருந்த இடத்தில் 10 வாட் எல்இடி வந்தால் மின்னோட்டம் ஆறில் ஒன்றாகிறது. ஒயரில் வீணாகும் சூடோ முப்பத்தாறில் ஒன்றாகிறது, ஏனென்றால் அது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

கம்பிக்கு வெளியேயும் மின்னோட்டம் ஓடும் இடம் கடல். இன்சுலேஷன் விட்டுப்போன ஒரு நேர்முனை ஒயர் அடித்தட்டில் தேங்கிய நீரில் கிடந்தால், கசியும் மின்சாரம் இரும்பு வழியாகக் கடலுக்குள் இறங்கும். ஃபாரடேயின் மின்பகுப்பு விதிப்படி, ஓராண்டு இடைவிடாமல் கசியும் ஒரு ஆம்பியர் ஏறக்குறைய 9 கிலோ இரும்பைக் கரைத்துவிடும். படகின் அடியில் கட்டும் ஜிங்க் கட்டி, வெவ்வேறு உலோகங்கள் உப்பு நீரில் தாமாக உண்டாக்கும் சிறு மின்னோட்டத்துக்குத் தன்னைப் பலி கொடுக்கும். ஹம்ஃப்ரி டேவி 1824-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செம்புத் தகடுகளுக்குச் சொன்ன வழிதான் அது. ஆனால் பேட்டரியிலிருந்து வரும் கசிவுக்கு அந்தக் கட்டி ஈடுகொடுக்காது. ஜிங்க் சீக்கிரம் தீர்ந்துபோனால் இன்னும் பெரியதாக ஒன்று கட்டுவது ஒரு பதில்; எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து இன்னும் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பது சரியான பதில்.

என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு, கை அனுபவம் போதும் என்பது. விதி படிக்காதவர்கள்தானே இத்தனை ஆண்டுகளாகப் படகுகளை ஓடவைத்தார்கள்? அவர்கள் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கையும் கணக்கும் எதிரெதிர் என்ற எண்ணம் வரலாற்றுக்கே பொருந்தவில்லை. 1827-இல் தன் விதியைப் புத்தகமாக வெளியிட்ட ஓம், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். சோதனைக் கருவிகளைத் தானே செய்துகொண்ட பள்ளி ஆசிரியர். அன்றைய மின்கலங்கள் நிலையாக நிற்காததால், வெப்பத்தில் இயங்கும் பிஸ்மத்–செம்பு இணைப்பை மூலமாகக் கொண்டு அளந்தார். இந்தக் கரைக்கே வருவோம். 1961-இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்புவரை, கடலடி முத்துப் பார்களில் சிப்பி இருக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் குளிப்பு அறிவிக்கப்படவில்லை. மாதிரிக்குச் சிப்பி எடுத்து, முத்தைப் பிரித்து, மதிப்பிட்டு, கட்டுப்படியாகும் என்றால்தான் அறிவித்தார்கள். செலவுக்கு முன் அளவு என்பது இங்கே பழைய வழக்கம்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. இன்றைய செட்டுகளில் கடுகளவுப் பாகங்கள், பிசின் ஊற்றி மூடிய போர்டுகள். யாரும் பிரித்துப் பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும், பிறகு விதி எதற்கு? போர்டு விஷயத்தில் இது உண்மை. ஆனால் மாற்றுவதுதான் ஒரே சிகிச்சை என்றால், எதை மாற்றுவது என்ற தீர்மானத்தின் விலை கூடுகிறது. மைக்கை அழுத்தும்போது பிளக்கில் 13 வோல்ட் நின்றும் செட் அணைந்தால் குற்றம் செட்டினுடையது; தயங்காமல் மாற்றலாம். 11-க்கு இறங்கினால் குற்றம் வழியினுடையது. ஒரே ஓர் அளவு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு கூலி. பாகம் மாற்றினால் சம்மாட்டி காசு கொடுப்பார். அரை நாள் அளந்து, ஒரு லக்கைச் சுரண்டி இறுக்கியதற்கு யார் கொடுப்பார்? இது தொழிலாளியின் அறியாமையால் வந்ததில்லை, கூலி நிர்ணயிக்கப்படும் விதத்தால் வந்தது. கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே விலை இருக்கும்வரை, அளக்கத் தெரிந்தவரும் அளக்காமல் மாற்றவே தூண்டப்படுவார். இதற்கு ஒரு வழி இருப்பதாக நினைக்கிறேன். தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்கிறது. அந்த ஆய்வுத் தாளில் ஒரு வரி சேரட்டும்: எஞ்சினை நிறுத்தி, மைக்கை அழுத்தி, செட்டின் பிளக்கில் கிடைத்த வோல்ட். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்திட ஓர் எலெக்ட்ரீஷியன் தேவைப்படுவார். எண் குறைந்தால் ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கவும் அவரே தேவைப்படுவார். அளவுக்குக் கூலி உண்டு என்று ஆனால், வெள்ளீயம் பூசிய தடித்த ஒயர் வாங்கும்படி சம்மாட்டியிடம் சொல்லவும் அவருக்கு அந்த எண்ணே சாட்சியாக நிற்கும்.