முணுமுணுப்பும் மூடுகொடியும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்தோர்க்குப் புவேராரியா என்னும் தாவரப் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால், ரப்பர் இளங்கன்றுகளின் இடையே முழங்கால் உயரத்திற்குப் படர்ந்து கிடக்கும் அந்த மூவிலைக் கொடியை அறியாதார் இரார். 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்டதற்குப் பின் நெடுநாள் வரை, ஒரு புல்லும் இன்றி நிலத்தைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் இலக்கணம் என்று துரைமார் கருதினர். மழை பெய்யப் பெய்ய மேல்மண் கரைந்து ஆற்றோடு போயிற்று. அதன் பிறகே அவரைக் குடும்பத்துக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் வழக்கம் பரவியது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு ஈட்டித் தரும். இலைப்போர்வை மழைத்துளியின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். பால்மரங்கள் ஓங்கி நிழல் கவிந்ததும் கொடி தானே மடியும்.

இக்கொடியின் உடன்பிறப்பு ஒன்று அமெரிக்காவில் உண்டு. குட்ஸு என்பது அதன் பெயர். 1876ஆம் ஆண்டு பிலடெல்பியாக் கண்காட்சிக்கு ஜப்பானியரால் கொண்டுவரப்பட்டது. 1930களில் மண்ணரிப்பைத் தடுக்கவென்று அரசினராலேயே தென்மாநிலங்களில் பரப்பப்பட்டது. அங்கே அதை அடக்க ஆளில்லை. மரம், வீடு, தந்திக்கம்பம் என யாவற்றையும் விழுங்கிப் படர்ந்தது. ஜார்ஜியா மாநிலத்து ஏதன்ஸ் நகரில் 1980இல் தோன்றிய ஆர்.இ.எம். என்னும் இசைக்குழு, 1983இல் தன் முதல் முழு நீளத் தொகுப்பை வெளியிட்டபோது அட்டையில் தங்கள் முகங்களை அச்சிடவில்லை. குட்ஸு மூடிய நிலக்காட்சி ஒன்றையே அச்சிட்டது. தொகுப்பின் பெயர் ‘மர்மர்’.

ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பின்னாளில் தமிழாசிரியரான ஒருவரின் ஒலிநாடாப் பெட்டியில் இத்தொகுப்பு இருக்கிறது. ஆறாம் படிவம் படிக்க மலாக்கா நகருக்குப் பேருந்தில் போய்வந்த நாள்களில், 1985ஆம் ஆண்டு, இரவுச் சந்தையில் அவர் வாங்கியது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வருமுன் திருட்டுப் பதிவுகள் வேர்க்கடலையைப் போல் மலிந்து கிடந்த காலம் அது. ராக் இசையை அவர் அறிந்தவரல்லர். அட்டையில் தங்கள் தீம்பார் இருக்கிறதே என்ற வியப்பினால்தான் எடுத்தார்! அவர் வீட்டில் அன்று இருந்தவை நிழற்பட நிலையத்தில் எடுத்த இரண்டு படங்களே. தோட்டத்தைக் காட்டும் படம் ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் ரப்பர் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயன் வீடுகளும் இடிக்கப்பட்டன. வேற்று நாட்டுக் கொடியின் மங்கலான படமே அவர்க்குத் தோட்டத்தின் படமாக எஞ்சியது.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களின் பகட்டுக்கு வெளியே, கல்லூரி மாணவர் நடத்திய சிறு வானொலிகளின் துணையால் வளர்ந்த ‘மாற்று ராக்’ இசைக்கு இத்தொகுப்பு ஒரு தொடக்கக் கல் எனலாம். அதில் பாடிய மைக்கேல் ஸ்டைப் சொற்களைப் பாதி விழுங்கினார். பாடல் வரிகள் அச்சிட்டுத் தரப்படவும் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரே ஆளுக்கொரு விதமாக எழுதிப் பார்த்துக் கைவிட்டனர். ஆயினும் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அவ்வாண்டின் சிறந்த தொகுப்பாக இதனையே தேர்ந்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ உலகையே ஆட்டிவைத்த ஆண்டு அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

உடன் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. “கேட்பவனுக்குப் பொருள் விளங்கும் பாட்டு வேண்டும் என்றுதானே நம்மவர்கள் போராடி 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டார்கள்? தமிழ் வாத்தியார் வீட்டில் பொருள் விளங்காத பாட்டுக்கு என்ன வேலை, தம்பி?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. இளையவர் இலக்கணத்தால் விடை கூறினார். மர்மர் என்பதும் முணுமுணு என்பதும் இரட்டைக்கிளவியின் இயல்புடையவை, பிரித்தால் பொருளில்லை, சேர்ந்தொலித்தால் உண்டு. ‘முணு’ எதுவென்று ஐயா சொல்ல முடியுமா? இது சாதுரியமான விடை, முழு விடையன்று.

முழு விடை அதே பெட்டியில் வேறொரு நாடாவில் இருந்தது. அவருடைய தாயார் பால்மரம் சீவியவர். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் மரத்திற்கு மரம் நடக்கையில் அவர் வாய் எதையோ பாடிக்கொண்டே இருக்கும். “என்னம்மா பாடுறீங்க?” என்றால், “ஒண்ணுமில்லடா தம்பி, வாய் சும்மா முணுமுணுங்குது” என்பார். 1988இல் மகன் ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்தபோது வெட்கப்பட்டு மறுத்துவிட்டார். அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்து, கருவியை மறந்த பிறகு, தானாக வந்தது அந்த முணுமுணுப்பு. நான்கு நிமிடம். நடுவே சேவல் கூவுகிறது. பக்கத்து வீட்டு வானொலி செய்தி சொல்கிறது. ஆறாண்டு கழித்து அம்மையார் மறைந்தார். அவர் குரல் வேறெங்கும் இல்லை.

நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாவுக்கு ஆயுள் குறைவு, வெண்பூஞ்சை பிடித்துவிடும். அண்மையில் பழைய மாணவர் ஒருவர் இரண்டு நாடாக்களையும் துடைத்துக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். ‘மர்மர்’ அழிந்தாலும் கடையில் கிடைக்கும். தாயாரின் நான்கு நிமிடத்தை ஆசிரியர்கள் இருவரும் காதில் ஒலிவாங்கி பொருத்தித் திரும்பத் திரும்பக் கேட்டனர். தெளிவாகக் கிடைத்தது ஒரே சொற்றொடரின் பின்பாதி: ‘போச்சே’. அதற்கு முன் வருவது ‘கப்பல்’ என்கிறார் மூத்தவர். கடல் கடந்து வந்த தலைமுறையின் பாட்டு என்பது அவர் முடிவு. ‘கம்மல்’ என்கிறார் மகன். அடகுக்கடைக்குப் போய்த் திரும்பாத கம்மல் ஒன்றை அவர் அறிவார். பகரமும் மகரமும் இரண்டுமே இதழ் பொருந்தப் பிறப்பவை. பாடியவரோ வாயைச் சரியாகத் திறக்கவே இல்லை.